புள்ளைக்குத் தண்ணி ஊத்துறது

பாப்பா பிறந்த பதினாறாம் நாள் காலையில் ஆயாவிடம் குரலை உயர்த்தினேன். தெருவே கேட்கும்படி இல்லை. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளை என்று ஒருவன் வந்த இந்த நாலு வருஷத்தில் யாரும் கேட்டிராத அளவுக்கு.

ஆயா என் மனைவியின் அப்பாவைப் பெற்றவர். எண்பதைத் தாண்டியாயிற்று. பின்கட்டில் மணைமேல் உட்கார்ந்து, புடவையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் பாப்பாவைப் படுக்கவைத்திருந்தார். தலை கணுக்கால் பக்கம். தொப்புள் உதிர்ந்து, புண்ணும் காய்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகத் தண்ணி ஊத்துகிறோம். அதுவரை துடைத்துத்தான் எடுத்தோம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் தடவி, பயத்தமாவு தேய்த்து, நெற்றியில் கையைக் குவித்துக் கண்ணில் தண்ணீர் இறங்காமல் ஊற்றினார். பாப்பா அழக்கூட இல்லை. திடீரென்று ஆயா குனிந்தார். பாப்பாவின் மூக்கில் வாயை வைத்து ஊதப்போகிறார் என்று புரிந்தது.

“ஆயா, அது வேணாம்! விடுங்க!”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசிச் சொம்பை ஊற்றினார். துண்டில் தலையை முதலில் துவட்டினார். பிறகு சுண்டுவிரலால் பாப்பாவின் உதட்டோரத்தைத் தொட்டார். பாப்பா அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. “ம்” என்று சொல்லிவிட்டு என் மனைவியிடம் கொடுத்தார். சுவரைப் பிடித்து எழுந்து, தறி ஓடுகிற அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாள் காலையில் பின்கட்டுக்கு அவர் வரவில்லை.

பொதட்டூர்பேட்டை என் மனைவியின் ஊர். திருத்தணியிலிருந்து பஸ். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு. தெருவுக்குத் தெரு விசைத்தறி, லுங்கி, சேலை. கல்யாணமான புதிதில் வந்து தங்கினபோது ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வராது. பாப்பாவுக்கு நேர் எதிர். தறி ஓடினால் தூங்கும், கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும். வயிற்றுக்குள் இருந்தபோதும் ஓயாத இரைச்சல்தானே கேட்டிருக்கும். வளைகாப்பு முடிந்து மனைவி இங்கே வந்ததிலிருந்து அதில் இந்தத் தறிச் சத்தமும் சேர்ந்திருக்கும்.

பிரசவம் திருத்தணியில். குழந்தை வெளியே வந்ததும் உடம்பெல்லாம் வெள்ளையாக மாவு பூசினதுபோல் இருந்தது. கழுவமாட்டார்களா என்று கேட்டேன். “கழுவக்கூடாது சார். இருபத்து நாலு மணி நேரம் கழிச்சுதான் குளிப்பாட்டணும். அந்த வெள்ளை தோலுக்கு நல்லது” என்றார் நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். பிறந்த குழந்தைக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறமை ரொம்பக் கம்மி. உடனே குளிப்பாட்டினால் உடம்பு சில்லிட்டுப்போகும், பால் குடிப்பதும் தள்ளிப்போகும். குளிப்பாட்டுவதற்குப் பதில் பாப்பாவைத் துடைத்து அம்மாவின் நெஞ்சின்மேல் வைத்தார்கள். தோலோடு தோல். பிறகு மனைவி தூங்கினபோது என் சட்டைப் பட்டனைக் கழற்றச் சொல்லி என் நெஞ்சிலும் வைத்தார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சில் கட்டிவைக்க ஆரம்பித்தார். கங்காரு பராமரிப்பு என்று உலகம் முழுக்கப் பரவியது. அதை அப்பாவும் செய்யலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் சாஃப்ட்வேர் ஆள். பயம் வந்தால் ஒரு ஷீட் போடுவேன். பாப்பா எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனது, எடை என்ன என்று எல்லாம் அதில் ஏற்றினேன். அது உபயோகமில்லாதது என்று சொல்லமாட்டேன். முதல் சில நாளில் குழந்தையின் எடை குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போகிறதா என்று பார்ப்பது. “பாலே ஊறல, புட்டிப்பால் குடுங்க” என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது அந்த எண்தான் என் மனைவியின் அழுகையை நிறுத்தியது.

ஆனால் ஷீட்டில் தொப்புளுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. தொப்புள்கொடியில் எதையும் தடவாதீங்க, காய விடுங்க, தானே விழும், தொடாதீங்க என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தொடாதே என்றதை நான் பார்க்காதே என்று புரிந்துகொண்டுவிட்டேன். ஆறாம் நாள் ஆயாதான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “சுத்தியும் செவந்துகீது. இன்னிக்கே இட்டுனு போங்க” என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் மாமா. ஆயா வாசலில் போய் நின்றுகொண்டு ஆட்டோ வரும்வரை உள்ளே வரவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, டயப்பர் விளிம்பு உரசின சிவப்புதான், விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு டயப்பரை விட்டுவிட்டுப் பழைய லுங்கித் துணிக்கு மாறினோம். திரும்பி வரும்போது, இதுக்குப் போய் இவ்வளவு கலாட்டாவா என்று நான் நினைத்தது நிஜம்.

அதனால் பதினாறாம் நாள் நான் குரலை உயர்த்தினபோது, ஆயாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்கிற எண்ணம் ஏற்கெனவே எனக்குள் இருந்தது. சொன்ன விஷயத்தில் நான் தப்பில்லை. மூக்கில் ஊதினால் ஊதுகிறவரின் வாயிலிருக்கிற கிருமி நேராகக் குழந்தைக்குள் போகும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் அப்படித்தான். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வருவது சாதாரணச் சளி இல்லை, ஒருவகை நிமோனியா. சில குழந்தைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசமில்லாமல், மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கும். பால் கட்டியிருக்கு என்று சொல்லி அதைப் பிதுக்கி எடுப்பார்கள். அம்மாவின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சமிருப்பதால் வருகிற வீக்கம் அது, சில வாரத்தில் தானாக வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி ரத்தம் படுவதும் அதே ஹார்மோனால்தான். கண்ணுக்கு மை, நாக்கில் தேன், உரைமருந்து, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம் என்று எங்கள் டாக்டர் பட்டியலே கொடுத்திருந்தார். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூடக் கிடையாது.

அடுத்த நாள் ஆயா வரவில்லை என்றதும் அந்தப் பட்டியலோடு நானே களத்தில் இறங்கினேன். ஆன்லைனில் வாங்கின பிளாஸ்டிக் டப். அத்தை சுடுதண்ணி காய்ச்சித் தந்துவிட்டுத் தார் சுத்தப் போய்விட்டார். முதலில் பச்சைத்தண்ணி, பிறகு வெந்நீர் என்ற வரிசையில் விளாவினேன். அப்படிச் செய்தால் மறந்துபோய்க் கொதிக்கிற தண்ணீரில் குழந்தையை இறக்கிவிடும் அபாயம் இல்லை. முழங்கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு சரி. ஜன்னலைச் சாத்தியாயிற்று. துண்டு, துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாப்பாவை இறக்கினேன்.

பாப்பா வீறிட்டது. கையும் காலும் விறைத்து விரிந்தன. சோப்பு போட்டதும் மீன்மாதிரி வழுக்கியது. ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை சோப்புக்கு, மூன்றாவது கை இல்லாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தையலோடு வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் பாப்பாவின் தலை என் கையிலிருந்து அரை அங்குலம் சரிந்தது. அவ்வளவுதான். தண்ணீர் வாய்க்குள் போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துவட்டி முடித்தபிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய இரண்டு காலுக்கு நடுவே இருக்கிற பள்ளம் எவ்வளவு நல்ல தொட்டி என்று அன்றைக்குப் புரிந்தது. அதில் குழந்தை எங்கும் சரியாது. இரண்டு கையும் காலியாக இருக்கும். தண்ணீர் தேங்காது, ஊற்ற ஊற்ற வழிந்து போய்விடும். தொடையின் சூடு வேறு.

அன்று சாயங்காலம் அத்தை தறி அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம் நேராகப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. பாதி பாப்பாவிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

“ஆயாவுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சி. பொண்ணு. மாமாவுக்கு மேல. ஏழு நாளு.”

இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1இல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து என்று அத்தை கணக்குச் சொன்னார். வீட்டில்தான் பிரசவம். கொடியை அறுத்தது வீட்டிலிருந்த கத்தியில். கட்டினது தறியிலிருந்து உருவின நூலில். மேலே அடுப்புச் சாம்பல் வைத்தார்கள். புள்ளை நன்றாகத்தான் பால் குடித்தது. ஆறாம் நாள் ராத்திரி அழுதுகொண்டே இருந்தது. ஏழாம் நாள் காலையில் ஆயா மடியில் போட்டுப் பாலூட்டப் பார்த்தபோது வாயைத் திறக்கவில்லை. உதடு இறுகி, உடம்பு வில்மாதிரி வளைந்துவிட்டது. ஜன்னி என்றார்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

“ஆறாம் நாளு செவந்துகீதுன்னு ஆட்டோவுக்கு நின்னுதே, அது அதனாலதான் தம்பி.”

அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் தடுப்பூசி அட்டவணைப் போஸ்டரில் ரண ஜன்னி என்று எழுதியிருப்பதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். டெட்டனஸ். அதன் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் கிடக்கும். அழுக்குக் கத்தி, அழுக்கு நூல், சாம்பல் வழியாகத் தொப்புள் புண்ணுக்குள் போனால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு தாடை இறுகும், பால் குடிக்க முடியாது, தொட்டாலே உடம்பு விறைக்கும். அறுத்த கத்தியையும் கட்டின நூலையும் கொதிக்கவைத்திருந்தால், அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ஊசி போட்டிருந்தால், அனேகமாக வந்திருக்காது. அம்மாவின் உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்விடுகிறது. என் மனைவிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள். கை வலிக்குது என்று அவள் சொன்னதைத் தவிர அதைப்பற்றி எனக்கு வேறு ஞாபகமே இல்லை. 2015இல் இந்தியா பிரசவ, பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்த நாடு என்று உறுதிசெய்யப்பட்டது. ஒழித்தது என்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று அர்த்தம். ஆயாவின் மகளுக்கும் அந்த வருஷத்துக்கும் நடுவே ஐம்பது வருஷத்துக்கு மேல்.

அப்போதுதான் உதட்டோரத்தைத் தொட்ட அந்தச் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. துடைத்து எடுத்த நாட்களிலும் தினமும் அதைச் செய்தார். நான் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். பாப்பா வாயைத் திறக்கிறதா என்று பார்த்திருக்கிறார். மாமாவில் ஆரம்பித்து அந்தத் தெருவில் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயா தண்ணி ஊத்தியிருக்கிறார் என்று அத்தை சொன்னார். காசு வாங்கமாட்டாராம். அத்தனை வாயையும் திறக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியில் சுற்றியிருப்பார்.

தண்ணி ஊத்துவது அழுக்குப் போக்குவதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைக் குழந்தைக்கு என்ன அழுக்கு? வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குளிப்பாட்டினாலே போதும், மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, அடிப்பக்கம் துடைத்தால் போதும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். தினமும் தண்ணி ஊத்தும்போது குழந்தையைத் துணியில்லாமல், வெளிச்சத்தில், தலையிலிருந்து கால்வரை ஒருவர் பார்க்கிறார். அது இல்லாவிட்டால் அப்படிப் பார்ப்பதற்கு வீட்டில் வேறு நேரமே கிடையாது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த வீட்டுக்கே போய்க் குழந்தையைப் பார்க்கவைத்தார்கள். எடை போடுவது, மூச்சை எண்ணுவது, சூடு பார்ப்பது, கிருமித் தொற்று வந்தால் மருந்து கொடுப்பது. அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் அதன் வழியில் வந்ததுதான். எங்கள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியரும் பாப்பாவைத் துணி விலக்கித்தான் பார்த்தார். முதலில் பால் குடிக்கிறதா என்றுதான் கேட்டார்.

பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் பெரும்பாலும் மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்குகிறது. பெரியாழ்வார் கண்ணனுக்கு நீராட்டம் பாடும்போது, அவன் குளிக்கக் கூப்பிட்டால் வராமல் அடம்பிடிக்கிற வயசுப் பிள்ளை. முதல் இரண்டு மாதத்தைப் பிள்ளைத்தமிழ் பெரிதாகப் பாடுவதில்லை. முன்பு அதை இலக்கண விதி என்று மட்டும்தான் படித்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, தங்குமா என்று தெரியாத பிள்ளையை யார் பாடுவார்கள் என்று தோன்றியது. அந்த நாட்களில் பாட்டுக்குப் பதில் ஆயாக்கள்தான் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் தறி அறைக்குப் போய் ஆயாவின் முன்னால் தரையில் குந்தினேன்.

“ஆயா, எனக்குத் தண்ணி ஊத்தக் கத்துக்குடுங்க.”

“நீதான் படிச்சவன். உனுக்கு இன்னாத்துக்கு?”

“நேத்து என் கையில புள்ள வழுக்கிடுச்சி ஆயா.”

அவர் முகம் மாறிவிட்டது. “எங்க? தல இடிச்சிச்சா?”

“இல்ல. ஆனா பயந்துட்டேன்.”

கொஞ்ச நேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூக்குல ஊதலன்னா சளி எப்டிப்பா போவும்?”

“அவளே தும்முவா ஆயா. தும்மித் தும்மி வெளிய தள்ளிடுவா. புள்ளைங்க அடிக்கடி தும்முறது அதுக்குத்தான்.”

“எங்க புள்ளைங்களும்தான் தும்முச்சிங்க” என்றார். பிறகு, “சரி, ஊதல. காதுல எண்ண?”

“வேணாம்.”

“சாம்பிராணி?”

“புகை வேணாம் ஆயா.”

“எண்ணயாவது தடவலாமா, அதுவும் வாணாமா?”

“தடவலாம். தேங்காயெண்ணெய் தோலுக்கு நல்லதுன்னே டாக்டர் சொன்னாரு. அழுத்தாம தடவணும்.”

“அத்த நான் உனுக்குச் சொல்லித் தரேன்” என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.

பேண்ட்டைக் கழற்றி மாமாவின் லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். காலை நீட்டியதும் முதுகு வலித்தது. ஆயா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. குப்புறப் போடு, மூஞ்சி ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கட்டும், மூச்சு தடுக்காம பாத்துக்க. முதுகுல ஊத்து. இப்ப திருப்பு. கழுத்து மடிப்ப விரிச்சி ஊத்து, பால் வடிஞ்சி அங்கதான் புண்ணாவும். அக்குள். தொட இடுக்கு. பொம்பளப் புள்ள, முன்னாலேர்ந்து பின்னால துட, திருப்பித் தொடைக்காத. கண்ண மூக்குப் பக்கத்துலேர்ந்து வெளிய துட, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சி. தலைக்குக் கடசியாத்தான் ஊத்தணும், துவட்டும்போது தலயத்தான் மொதல்ல துவட்டணும். இதில் ஒன்றுகூட எங்கள் டாக்டரின் பட்டியலுக்கு முரணாக இல்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“இப்ப பாரு” என்றார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன். மஞ்சள் இருக்கிறதா. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அமைதியாக இருக்கிற குழந்தை நிமிஷத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வெட்டு வந்தாலோ காத்திருக்கக் கூடாது, அதே நேரம் கிளம்ப வேண்டும். இது போஸ்டரில் படித்தது. ஆயா எண்ணமாட்டார், அவருக்குப் பார்த்தாலே தெரியும். நான் எண்ணினேன்.

கடைசியாக ஆயா என் கையைப் பிடித்துச் சுண்டுவிரலை பாப்பாவின் உதட்டோரத்தில் வைத்தார். பாப்பா திரும்பி வாயை அகலமாகத் திறந்தது. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் அந்த முதல் பெண்ணைப்பற்றி என்னிடம் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

லீவு முடிந்தும் இன்னும் இரண்டு மாதம் அங்கிருந்தே வேலை பார்த்தேன். தினமும் காலையில் மீட்டிங்குக்கு முன்னால் தண்ணி ஊத்துவேன். ஷீட்டில் ஏற்றுவதை ஐந்தாவது வாரத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு பிரசவம் நடந்து ஆயாவைக் கூப்பிட வந்தபோது, “என்னால குந்த முடியலம்மா, எங்க மாப்ளய இட்டுனு போ” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாராம். யாரும் என்னை இட்டுனு போகவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறோம். பாப்பாவுக்குப் பதினோரு மாதம். கால்மேல் படுக்காது, அந்த பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்து தண்ணீரை என்மேல் அடிக்கும். குளித்து முடித்துத் துவட்டும்போது சில நாள் சுண்டுவிரல் தானாக உதட்டோரத்துக்குப் போய்விடுகிறது. நாலு பல் வந்துவிட்டது, கடிக்கிறாள்.